தினம் ரெண்டு மணி நேரம் கைல நிக்கு. அதை வச்சு நான் நினைக்கிற ஆளா மாற முடியுமா?

கல்லிடை_மகள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 31. வீடு கல்லிடைக்குறிச்சி. திருநெல்வேலி டவுண்ல ஒரு மொத்த வியாபாரக் கடையில கணக்கு பாக்குதேன். டாலி, ஜிஎஸ்டி தாக்கல் எல்லாம் என் பொறுப்புதான். திங்கள் முதல் சனி வரை வேலை, போக வர செங்கோட்டை பாசஞ்சர். மகன் மூணாங்கிளாஸ் படிக்கான்.

அஞ்சு வருஷம் கழிச்சு எப்படி இருக்கணும்னு மூணு ஆசை. பிள்ளைகிட்ட கத்தாத அம்மாவா இருக்கணும். சிஎம்ஏ இன்டர், அதாவது காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்புல நடுக்கட்டம், முடிச்சிருக்கணும். வாசிக்கிற ஆளா இருக்கணும். காலையில ஒரு மணி, ராத்திரி ஒரு மணி, ஆக ரெண்டு மணி நேரம் எனக்குன்னு நிக்கு. ஒவ்வொரு சித்திரை ஒண்ணாந்தேதியும் அட்டவணை போடுதேன். வைகாசி பொறக்குமுன்ன அது நின்னு போகுது.

இந்த ரெண்டு மணியை மூணுக்கும் எப்படிப் பிரிக்கது? எங்கன உடையுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வண்ணார்பேட்டை_வாத்தியார் பதில்:

தங்கச்சி, பிரிக்கிறதுக்கு முன்னாடி எண்ணிப் பாக்கணும். ரெண்டு மணிங்கிறது மனக்கணக்கு. கடையில ஸ்டாக் எடுக்காம வருஷக் கணக்கை முடிப்பீங்களா? இதுவும் அப்படித்தான்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். காலை 5 முதல் ராத்திரி 10 வரை அரை மணிக்கு ஒரு வரின்னா 34 வரி வரும். வரிக்கு நாலு சொல்லு போதும்: என்ன செஞ்சீங்க, எங்க. ஓரத்துல ஒரு எழுத்து. கடமைன்னா ‘க’, நீங்களா தேர்ந்து செஞ்சதுன்னா ‘தே’, எப்படிப் போச்சுன்னே தெரியலன்னா ‘ந’, அதாவது நழுவினது. ஏழு நாள் எழுதணும், ஞாயித்துக்கிழமையும் சேர்த்து.

இதுல எல்லாரும் செய்யிற தப்பு, ராத்திரி படுக்கப் போகும்போது மொத்தமா எழுதுறது. அப்பம் நினைவுல இருந்து எழுத மாட்டோம், நாள் எப்படி இருந்திருக்கணுமோ அப்படி எழுதிருவோம். போன் பாத்த முக்கால் மணி நேரம் பத்து நிமிஷமா சுருங்கிரும். அதனால நாளைக்கு நாலு தடவை எழுதுங்க: ரயில் ஏறினதும், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி, சாயந்திரம் ரயில்ல, படுக்கும்போது. இந்த ஒரு வாரம் எதையும் திருத்த வேண்டாம். திருத்த ஆரம்பிச்சா எழுதுற வாரம் மட்டும் நல்ல வாரமாப் போயிரும், உள்ள நிலவரம் தெரியாது.

உத்தேசமா ஒரு கணக்கு. வாரம் 168 மணி. தூக்கம் ஏழு மணின்னா 49. வேலை ஒன்பது மணி, ஆறு நாள், 54. ரயிலும் ஸ்டேஷன்ல காத்திருக்கிறதும் 12. சமையல், வீட்டு வேலை, பிள்ளை பாக்கிறது தினம் நாலு மணின்னா 28. மொத்தம் 143. மிச்சம் 25. நீங்க சொல்லுற ரெண்டு மணி, வாரத்துக்கு 14 தான். பாக்கி 11 மணி பத்து நிமிஷம், கால் மணி நேரம்னு சில்லறையாச் சிதறிக் கிடக்கு. அதோட, ரயில்ல போற 12 மணியையும் நீங்க கணக்குலயே சேக்கல.

சில்லறை நேரத்துல செய்யக்கூடிய வேலை வேற, முழு நேரம் கேக்குற வேலை வேற. காஸ்டிங் கணக்கு ஒண்ணைப் போட்டுக்கிட்டு இருக்கும்போது குக்கர் சத்தம் கேட்டு எழுந்தா, திரும்பி வந்து உக்காந்தாலும் மனசு அடுப்படியிலயே கொஞ்ச நேரம் நிக்கும். சோஃபி லெராய்னு ஒரு ஆய்வாளர் 2009ல இதைப் பத்தியே எழுதியிருக்காங்க: விட்டுட்டு வந்த வேலை மேல கவனத்துல ஒரு பங்கு ஒட்டிக்கிடுது. ஆறு பத்து நிமிஷத்தைச் சேர்த்தா ஒரு மணி நேரம் ஆகாது. அந்தந்தத் துண்டுக்கு ஏத்த வேலையைத்தான் வைக்கணும். அதுக்கு முதல்ல துண்டு எது, முழுசு எதுன்னு நோட்டு சொல்லணும்.

கார்_பிசானம் பதில்:

வாத்தியார் சொன்னதுக்கு மேல, அட்டவணை ஏன் வைகாசிக்குள்ள உடையுதுங்கிறதைப் பாப்போம். எனக்கு மூணு காரணம் தெரியுது.

முதலாவது, மூணு ஆசையும் பேர்ச்சொல்லா நிக்கு. ‘பொறுமையான அம்மா’, ‘வாசிக்கிற ஆள்’. பேர்ச்சொல்லை நோட்டுல டிக் அடிக்க முடியாது. ராத்திரி உக்காந்து ‘இன்னிக்கு நான் பொறுமையா இருந்தேனா’ன்னு கேட்டா, அன்னிக்கு மனசு எப்படி இருக்கோ அதுதான் பதிலா வரும். வினைச்சொல்லா மாத்துங்க, அதுவும் பக்கத்துல நிக்கிற ஒருத்தர் கண்ணால பாத்துச் சொல்லக்கூடிய வினையா. ‘மகன் கணக்கைத் தப்பாப் போடும்போது அவன் கையில இருந்து பென்சிலை வாங்க மாட்டேன்.’ இதுக்கு ஆமா, இல்லன்னு ஒரே பதில்தான்.

ரெண்டாவது, நாள் கணக்கு. 21 நாள் செஞ்சா பழக்கம் ஆயிரும்னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. 1960ல மாக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்கு அப்புறம் ஆளுங்க தங்களோட புது முகத்துக்குப் பழக குறைஞ்சது 21 நாளாவது ஆகுதுன்னு எழுதினார். அந்த ‘குறைஞ்சது’ங்கிற சொல்லு வழியிலேயே உதிர்ந்துட்டு. பழக்கத்தையே நேரா அளந்தது லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில பிலிப்பா லாலி குழு. 2009ல வந்த ஆய்வு, 96 பேர், 12 வாரம். யோசிக்காம தானாச் செய்யிற நிலைக்கு வர நடு மதிப்பு 66 நாள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரைக்கும் ஆகும்னு கணிப்பு வந்தது. தண்ணி குடிக்கிற மாதிரி லேசான பழக்கம் சீக்கிரம் ஒட்டிச்சு, உடற்பயிற்சி நாள் எடுத்துச்சு. நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா ஒண்ணும் பெருசாக் கெட்டுப்போகலங்கிறதும் அதே ஆய்வுல இருக்கு. நீங்க வைகாசி பொறக்குமுன்ன, 30 நாளுக்குள்ள விட்டுருதீங்க. பழக்கம் பாதி வழி கூட வந்திருக்காது.

அதனால வருஷத்தை மறந்துட்டு பூவுக்கு, அதாவது ஒரு சாகுபடிப் பருவத்துக்கு வாங்க. நம்ம தாமிரபரணிப் பாசனத்துல கார் ஜூன்ல தொடங்கி செப்டம்பர் வரை, பிசானம் அக்டோபர்ல தொடங்கி பிப்ரவரி வாக்குல அறுப்பு. அம்பை 16 நெல் 110 முதல் 115 நாள். ஒரு குணத்துக்கு அந்த அளவு நாள் கொடுக்கது நியாயமான கணக்கு. ஒரு பூவுக்கு ஒரு பயிர்தான். பெஞ்சமின் பிராங்க்ளின் 13 நற்குணம்னு பட்டியல் போட்டு வாரத்துக்கு ஒண்ணு வச்சு, வருஷத்துல நாலு சுத்து வந்தார். தவறினா கட்டத்துல கரும்புள்ளி. அவ்வளவு கவனமா செஞ்ச மனுஷனுக்கும் ‘ஒழுங்கு’ங்கிற ஒண்ணு கடைசி வரை பிடிபடலன்னு அவரே எழுதி வச்சிருக்கார். என் அபிப்பிராயத்துல ஒரு குணத்துக்கு ஒரு வாரம் ரொம்பக் கம்மி.

நாத்தங்கால்ல நாத்து 20, 25 நாள் நிக்கும் இல்லையா, அந்த மாதிரி முதல் 25 நாளைக்கு அளவைப் பெருசாக்காதீங்க. காய்ச்சல் அடிச்சாலும் செய்யக்கூடிய அளவா இருக்கணும். படிப்புன்னா ஒரு நாளைக்கு ஒரே ஒரு கணக்கு. நாலாவது வாரம் பறிச்சு நடும்போது அளவைக் கூட்டலாம்.

மூணாவது காரணம்தான் உங்க விஷயத்துல பெருசு. நீங்க ஜிஎஸ்டி பாக்கிறவங்க. மாதாந்திரம் தாக்கல் செய்யிற கடைன்னா ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11ஆம் தேதி கடைசி, 3பி படிவத்துக்கு 20ஆம் தேதி. 8ல இருந்து 11, 17ல இருந்து 20, இந்த எட்டு நாளும் உங்க நேரம் உங்ககிட்ட இல்ல. மாசத்துல எட்டு நாள் அட்டவணை உடையும்னு முன்கூட்டியே தெரியும்போது, எல்லா நாளுக்கும் ஒரே அளவு எழுதினா அது 11ஆம் தேதி உடையத்தான் செய்யும். உடைஞ்சதும் ‘நம்மால முடியாது’ன்னு ஒரு எண்ணம் வரும். ஆளை நிறுத்துறது விட்டுப்போன அந்த நாள் இல்ல, இந்த எண்ணம்தான். அதுவும் நீங்க தொடங்குறது சித்திரையில. ஏப்ரல் 14. மார்ச் மாசக் கணக்கு முடிப்பும், 20ஆம் தேதி தாக்கலும் தலைக்கு மேல நிக்கிற நேரம்!

ரெண்டு அளவு வையுங்க. சாதாரண நாளுக்கு ஒண்ணு, தாக்கல் நாளுக்கு ஒண்ணு. தாக்கல் நாள் அளவு அஞ்சு நிமிஷத்தைத் தாண்டக்கூடாது. காலண்டர்ல அந்த எட்டு தேதியையும் பென்சில்ல வட்டம் போட்டு வச்சிருங்க. தீபாவளிக்கு முந்தின மூணு வாரமும் மொத்தக் கடைக்காரங்களுக்குத் தாக்கல் நாள் மாதிரிதான்.

பேட்டைச்_செல்வி பதில்:

அக்கா, பிள்ளைகிட்ட கத்துற விஷயத்துக்கு மட்டும் சொல்லுதேன். அதுக்கு நேரம் ஒதுக்க வேண்டியதே இல்ல. காலையில அரை மணி தியானம் வச்சாலும், சாயந்திரம் ஏழு மணிக்கு வர்ற கோவம் வந்தே தீரும். கோவம் வர்ற இடத்துலதான் பழக்கணும்.

ஒரு வாரம் நோட்டு எழுதும்போது கத்தின இடத்துல எல்லாம் ஒரு புள்ளி வையுங்க. பெரும்பாலும் எல்லாப் புள்ளியும் ஒரே முக்கால் மணி நேரத்துல வந்து விழும். வீட்டுக்குள்ள நுழைஞ்சு, பை கீழ வச்சு, சாப்பிடாம, நின்னுக்கிட்டே நோட்டைப் பாக்கிற நேரம். பிள்ளை எழுதினதை அழிரப்பர் வச்சு அழிப்பான், அழிச்ச இடத்துலயே திரும்ப அழிப்பான், தாள் மெலிஞ்சு கிழியும், கிழிஞ்சதும் உங்க முகத்தைப் பாப்பான். அந்த நொடிதான். அதுக்கு முன்னாடி மூணு மாத்தம் செய்யுங்க. வந்ததும் 15 நிமிஷம் நோட்டைத் திறக்கக் கூடாது. வயித்துக்கு ஏதாவது போடுங்க, ஒரு வாழைப்பழமாவது. எதிர்ல நிக்காம பக்கத்துல உக்காருங்க. நின்னா அவன் முகமும் தப்பும் மட்டும் தெரியும், பக்கத்துல உக்காந்தா அவன் கணக்கு தெரியும்.

அப்புறம் ஒரு வாக்கியம். பீட்டர் கோல்விட்சர்ங்கிற உளவியலாளர் 1999ல எழுதினதுல இருந்து பலரும் சோதிச்சுப் பாத்த முறை. ‘இது நடந்தா, இதைச் செய்வேன்’னு முன்கூட்டியே கட்டி வைக்கிறது. ‘கோவப்பட மாட்டேன்’ங்கிறது வாக்கியமே இல்ல, அதுல செய்யிறதுக்கு ஒண்ணும் இல்ல. ‘தாள் கிழிஞ்சா, ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு, அடுத்த பக்கத்துல எழுதுவோம்னு சொல்லுவேன்.’ இதை சாயந்திரம் ரயில் வீரவநல்லூர் விட்டதும் வாய்க்குள்ள மூணு தடவை சொல்லுங்க. அடுத்தது கல்லிடைதான், மறக்காது.

கத்திட்டீங்கன்னா பத்து நிமிஷத்துக்குள்ள போய்ச் சொல்லிருங்க: ‘அம்மா சத்தம் போட்டது தப்பு.’ அதோட நிறுத்தணும். ‘ஆனா நீயும்’னு ஒரு சொல்லு சேர்ந்தா அவன் காதுல அந்தப் பாதிதான் நிக்கும்.

எதை எண்ணணும்னா, கத்தின தடவையை இல்ல, கத்த வந்து நிறுத்தின தடவையை. முதல் ரெண்டு வாரம் கோவம் கூடின மாதிரித் தெரியும். முன்னாடி கவனிக்காம விட்டதெல்லாம் இப்பம் கண்ணுல படுது, அவ்வளவுதான். பயந்து விட்டுராதீங்க.

காஸ்டிங்_கணேசபுரம் பதில்:

சிஎம்ஏக்கு வாரேன். இன்டர்ல எட்டுத் தாள், ரெண்டு குரூப். பரீட்சை ஜூன்லயும் டிசம்பர்லயும். வேலைக்குப் போறவங்க ஒரு தடவைக்கு ஒரு குரூப் மட்டும் எடுக்கணும். டிசம்பர் உங்களுக்கு ஆகாது, கடைசித் திருப்புதல் நேரத்துல தீபாவளி வியாபாரம் வந்து விழும். ஜூனை வையுங்க. தீபாவளி முடிஞ்ச மறுவாரம் தொடக்கம், மே கடைசி வரை. தாக்கல், கல்யாணம், காய்ச்சல் கழிச்சு 28 வாரம்னு வைங்க. காலையில 45 நிமிஷம் ஆறு நாள், ஞாயித்துக்கிழமை 3 மணி, வாரத்துக்கு ஏழரை மணி. மொத்தம் 210 மணி. நாலு தாளுக்குப் பிரிச்சா தாளுக்கு 52 மணி சொச்சம். முதல் குரூப்ல சட்டம், ஃபைனான்சியல் அக்கவுண்டிங், வரி, காஸ்ட் அக்கவுண்டிங். வரித் தாள்ல ஜிஎஸ்டி பாதி உங்க அன்றாட வேலை, அங்கன மிச்சம் பிடிச்சு காஸ்டிங்க்கு கொடுங்க. எந்த வருஷத்து வரிச் சட்டம் உங்க பரீட்சைக்குப் பொருந்தும்னு இன்ஸ்டிடியூட் தளத்துல பாத்துட்டுப் புத்தகம் வாங்குங்க. பழைய புத்தகம் மலிவா கிடைக்குன்னு வரித் தாளுக்கு வாங்கிராதீங்க. பதிவுக்குக் கடைசித் தேதியும் பரீட்சைக்கு மாசக்கணக்குல முன்னாடியே வந்துரும்.

நேரத்தை விட முறைதான் ஆளைக் கவுக்கும். கோடு போட்டுத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது படிப்பு மாதிரித் தெரியும். 2006ல ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு பேர் சோதிச்சாங்க. ஒரு பகுதியைத் திரும்ப வாசிச்சவங்க, மூடி வச்சு நினைவுல இருந்து எழுதினவங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா வாசிச்சவங்க முன்னாடி. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா எழுதினவங்க முன்னாடி. பரீட்சை அஞ்சு நிமிஷத்துல வராது. அதனால வாசி, மூடு, எழுது, திற, சரிபாரு. அதே பகுதிக்கு மறுநாள், மூணாம் நாள், ஏழாம் நாள், 21ஆம் நாள் திரும்ப வாங்க.

கணக்குத் தாளுக்கு, விடையைத் தாள் போட்டு மறைச்சுட்டு முழுசாப் போடுங்க. தப்பு வந்தா ஓரத்துல எந்தத் தப்புன்னு எழுதணும்: விஷயம் புரியலையா, கேள்வியைச் சரியா வாசிக்கலையா, கூட்டல் தப்பா. 20 கணக்கு முடிச்சு எண்ணுங்க. கேள்வியை வாசிக்காத தப்புதான் கூடுதல்னா இன்னும் 50 கணக்கு போட்டும் புண்ணியம் இல்ல, கேள்விக்கு அடியில கோடு போடப் பழகணும்.

ரயிலுக்கு சட்டத் தாள். மூணுக்கு அஞ்சு இன்ச் அட்டை, முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் மூணு வரி பதில். நாளைக்கு பத்து அட்டை, அதுக்கு மேல வேண்டாம். சீட் கிடைக்காம நின்னாலும் ஒரு கையால புரட்டலாம். மணி பாத்து வைக்காதீங்க, வண்டி லேட்டானா திட்டமும் லேட்டாகும். காலையில வீரவநல்லூர் தாண்டினதும் அட்டையை எடுங்க. காருகுறிச்சி, சேரன்மகாதேவி போய் பேட்டை வந்ததும் உள்ள வச்சிருங்க, டவுண் ஸ்டேஷன்ல நிதானமா இறங்கலாம்.

கல்லிடை_மகள் பதில்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தாக்கல் தேதியை யோசிக்கவே இல்ல, அதுதான் ஒவ்வொரு வருஷமும் நடந்திருக்கு. ரெண்டு சந்தேகம். வாசிப்பை எங்க வைக்க? அதை மட்டும் விட மனசு வரல. இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமை 3 மணி எனக்குக் கிடைக்காது. கல்யாணம், சடங்கு, வளைகாப்புன்னு ஏதாவது வந்துரும். போகலன்னா அத்தை வருத்தப்படுவாங்க.

கார்_பிசானம் பதில்:

விட வேண்டாம், வரிசையில நிக்கட்டும். ஜூன்ல கார் தொடங்கும்போது பிள்ளை விஷயம். பள்ளிக்கூடமும் அப்பம்தான் திறக்கும், வீட்டுப்பாடம் தினம் வரும், பழக்கத்துக்கு தினமும் இடம் கிடைக்கும். தீபாவளிக்கு அப்புறம் படிப்பு. வாசிப்பை இப்போதைக்கு ராத்திரி படுக்கையில நாலு பக்கம்னு மட்டும் வச்சுக்கோங்க. அது பயிர் இல்ல, வரப்போரத்துல நிக்கிற கீரை. நாலு பக்கம்னாலும் வருஷத்துக்கு 1,460 பக்கம். போன் வேற அறையில சார்ஜ்ல இருந்தாத்தான் இது நடக்கும். தலைமாட்டுல இருந்தா நடக்காது, இதுல விதிவிலக்கு பாத்து நேரம் போக்காதீங்க. நல்ல நேரம் வரட்டும்னு காத்திருந்தா வாசிப்பு வராது. நம்ம வ.உ.சி. 1908ல இருந்து 1912 வரை கோவை, கண்ணனூர் சிறைகள்ல கிடந்தப்பவும் உள்ள இருந்தே இங்கிலீஷ் நூலைத் தமிழ்ல பெயர்த்தார்.

ஞாயிறுக்கு, முகூர்த்தக் காலண்டரைப் பாருங்க. ஆடியிலயும் மார்கழியிலயும் கல்யாணம் கிடையாது. மார்கழியில நாலு ஞாயிறு முழுசாக் கிடைக்கும், கடினமான அத்தியாயத்தை அங்கன வையுங்க. தை, மாசி, பங்குனியில ஞாயிறை நம்பாம சனிக்கிழமை விடியற்காலையில ஒன்றரை மணி, செவ்வாய் ராத்திரி ஒன்றரை மணின்னு பிரிச்சிருங்க. தாக்கல் தேதி குறுக்க வந்தா மட்டும் நாளை மாத்துங்க.

பேட்டைச்_செல்வி பதில்:

அத்தைகிட்ட, அக்கா, ‘வரமாட்டேன்’னு ஒவ்வொரு பத்திரிகைக்கும் தனித்தனியா சொல்லாதீங்க. ஒரே தடவை உக்காந்து பரீட்சைத் தேதியைக் காட்டி, மாசத்துக்கு ரெண்டு விசேஷம் நிச்சயம் வாரேன், எந்த ரெண்டுன்னு நீங்களே சொல்லுங்கன்னு விட்டுருங்க. தேர்வு அவங்ககிட்ட இருந்தா மனத்தாங்கல் குறையும். விசேஷத்துக்குப் போனா முழு மனசோட போங்க, அட்டையை வீட்டுல வச்சுட்டு.

வண்ணார்பேட்டை_வாத்தியார் பதில்:

வாரக் கடைசியில கால் மணி நேரம் நோட்டைப் புரட்ட ஒதுக்குங்க. மூணே கேள்வி: எத்தனை நாள் செஞ்சேன், விட்ட நாள்ல அதுக்கு முந்தின ஒரு மணி நேரத்துல என்ன நடந்துச்சு, அடுத்த வாரம் மாத்துற ஒரே ஒரு விஷயம் என்ன. ரெண்டாவது கேள்விதான் முக்கியம். சோம்பேறித்தனம்னு எழுதாதீங்க. ‘தண்ணி வராததால சமையல் லேட்’னு எழுதினா அதுக்கு வழி பண்ணலாம், சோம்பேறித்தனத்துக்கு வழி இல்ல. வாரம் ஏழுல அஞ்சு நாள் நடந்தா அளவைத் தொட வேண்டாம். நாலுக்குக் கீழ ரெண்டு வாரம் தொடர்ந்து போனா அளவைப் பாதியாக் குறைங்க, நாளைக் குறைக்காதீங்க.

கல்லிடை_மகள் பதில்:

நோட்டு வாங்கியாச்சு. 34 வரி போட்டு, ஏழு பக்கத்துக்கும் தேதி எழுதிட்டேன். பேனாவை நூல் வச்சு நோட்டோட கட்டியிருக்கேன், இல்லன்னா மகன் எடுத்துருவான். 11ஆம் தேதி தாக்கல் முடிஞ்சது, இன்னிக்குக் காலையில இருந்து எழுதுதேன். வண்டி இப்பம் சேரன்மகாதேவியில நிக்கு. இதுவரை ‘க’ அஞ்சு, ‘ந’ ரெண்டு.